வெள்ளை நூல் கட்டிய ஜாடி

பால் திரியாமல் இருக்க வேண்டுமானால் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகுதான் முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்க்க வேண்டும், சாமி. நம் பெண்கள் அவசரப்பட்டுக் கொதிக்கிற பாலிலேயே ஊற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். பதறாத காரியம் சிதறாது. எனக்கு இந்த ஒரு பழமொழியே போதும்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் இந்தச் செசிலியா வீட்டுப் பால் பஞ்ச்தான். டின் பாலும் கெட்டித் தேங்காய்ப்பாலும் கலந்து, பட்டையும் கிராம்பும் தட்டிப் போட்டு, முட்டை சேர்த்து, நன்றாக ஆறியதும் பிராந்தி ஊற்றி, மேலே சாதிக்காய் துருவ வேண்டும். நீங்களே இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். மது தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்களுக்குப் பிராந்தி விடாமல் தனி ஜாடி. அதன் கழுத்தில் வெள்ளை நூல் கட்டுவது எங்கள் லைன் வழக்கம். குடிக்கிறவர்கள் அந்த ஜாடியைச் சீண்டமாட்டார்கள். சத்தியக்காரர்கள் மற்றதைத் தொடமாட்டார்கள். இரண்டையும் ருசி பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

எங்கள் லைனில் நூல் கட்டிய ஜாடி கிளாரன்ஸ் ஒருவனுக்கு மட்டும்தான் போனது. அவனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, யார்டில் சரக்கு வண்டி இழுக்கும் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தவன். என் புருஷன் கிரிகரி அந்த வண்டிகளுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் குனிந்து மாட்டிவிட்டு, வெளியே வந்து கொடி அசைத்த பிறகுதான் எஞ்சின் நகர வேண்டும். ஒருநாள் கொடி அசையவில்லை, எஞ்சின் நகர்ந்தது. கிளாரன்ஸ் மேல் கள் வாடை அடித்ததை நான் முகர்ந்தேன். என் புருஷனின் உடலைத் தூக்கிவந்து என் மடியில் கிடத்தியவன் அவன்தான். ஆனால் விசாரணையில், கிரிகரி கொடியை அசைத்துவிட்டு மறுபடி உள்ளே புகுந்தான் என்று சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். தன் கவனக்குறைவால் செத்தவர் என்று என் புருஷன் பேரில் எழுதி மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு கிளாரன்ஸ் மெதடிஸ்ட் சபைக்குப் போய்க் குடியை விட்டான். ஊரே அவனை மெச்சியது. ஒருநாள் நான் கேட்டேன். "உண்மைய ஒரு தடவ ரயில்வே பெரியவங்ககிட்ட சொல்லிரு தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போனது போச்சுக்கா. நான்தான் குடிய விட்டுட்டேன்லா."

அதற்குப் பிறகு நான் அவனிடம் கேட்கவே இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு நானே ஜாடியைக் கொண்டுபோனேன். மன்னிப்புக்கு உதாரணம் என்று நீங்கள் பிரசங்கத்தில் என் பேரைச் சொன்னீர்கள். அந்த ஜாடியில் ஒரு கரண்டி பிராந்தி இருந்தது. கிராம்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தேன். அவன் மனைவி பாக்கியத்துக்கு முட்டை வாடை ஆகாது, அதனால் முழு ஜாடியும் அவனுக்குத்தான்.

"அக்கா கைமணமே தனி" என்றான்.

ஈஸ்டருக்கும் செய்தேன், அவன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் செய்தேன். ஒரு கரண்டி பிராந்தி, ஒரு கரண்டியாகவே நிற்கவில்லை. பிறகு அவனே சாயங்காலங்களில் வாசலில் வந்து நின்று, "பால் கொஞ்சம் இருக்காக்கா?" என்று கேட்பான். கள் குடித்துப் பழகிய நாக்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் நூல் இருந்ததே. நூலை நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் நிறுத்திவிட்டேன். பாசாரில் முட்டை கிடைக்கவில்லை என்றேன். அவனுக்குக் கை நடுங்கியது, சிடுசிடுப்பு வந்தது. என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் அவனால் முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு கள்ளுக்கடைக்குத் தானாகவே நடந்து போனான். நான் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை.

என் புருஷன் நின்ற இடத்தில் அப்போது வாசு என்ற பையன் வேலை பார்த்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன். நல்ல பையன், என் வீட்டுக்குத் தண்ணீர் கூடத் தூக்கித் தருவான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, டிரைவர் அண்ணே மேல வாட அடிக்குது. கையும் நிதானத்துல இல்ல. பெரியவங்ககிட்ட சொல்லிறவா?"

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன், சாமி. அதை மறைக்க மாட்டேன். அவன் சொன்னால் கிளாரன்ஸின் வேலை போகும், அவ்வளவுதான். கிரிகரியின் பேரில் எழுதியது அப்படியே கிடக்கும். அதே மாதிரி இன்னொரு தடவை நடந்தால்தான் பழையதைத் தூசி தட்டி எடுப்பார்கள்.

"பிள்ளகுட்டிக்காரன் தம்பி. பண்டிக கழியட்டும், நானே சொல்றேன்" என்றேன். அக்கா சொன்னால் சரி என்று போய்விட்டான்.

மறுநாள் காலையில் வாசுவைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள்.

விசாரணையில் நானே எழுந்து பேசினேன். அன்று அடித்த வாடைதான் இன்றும் அடிக்கிறது, முகர்ந்து பாருங்கள் என்றேன். கிளாரன்ஸ் உடைந்துபோய் இரண்டு சாவுக்கும் தானே காரணம் என்று ஒப்புக்கொண்டான். கிரிகரி மேல் குற்றமில்லை என்று திருத்தி எழுதினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? கல்லறையில் போய் அவரிடமும் சொன்னேன். கிளாரன்ஸ் இப்போது புடு சிறையில் இருக்கிறான்.

வாசுவின் மனைவி தங்கமணி எதையும் சாப்பிடுவதில்லை என்றார்கள். முழுகாமல் இருக்கிறவள். நேற்று ஒரு ஜாடி பால் காய்ச்சிக் கொண்டுபோய், நூலைக் காட்டிக் குடிக்க வைத்தேன். "நீங்க இல்லன்னா எனக்கு யாருக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அதில் ஒரு சொட்டுப் பிராந்தி கிடையாது, சாமி. நான் கெட்டவள் இல்லை.

பிராந்தி ஊற்றிய ஜாடிக்கு வெள்ளை நூல் கட்டியது பொய்தான். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தது அந்த ஒரு பொய்க்காக. அதற்கு என்ன அபராதமோ அதைச் சொல்லுங்கள். சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் நல்லது, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், தங்கமணி காத்துக்கொண்டிருப்பாள்.