பத்தொன்பது நாள் சிரிப்பு

எனக்கு விமானம் என்றாலே பயம், ஐயா. பஸ்ஸில்கூட ஜன்னலோரம் உட்கார மாட்டேன். பறக்கும் கிளப்பில் வேலை பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்கிறாளே என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் என் வேலை தரையில்தான். இரண்டு குட்டி விமானங்களுக்கும் எரிபொருள் நிரப்புவேன், அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என் கணவர்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். கண்ணாடிக் கோப்பையை வைத்து அழுத்தினால் டேங்கின் அடியில் இருப்பது கொஞ்சம் வடியும். எரிபொருள் இளநீலம். தண்ணீருக்கு நிறம் கிடையாது, கனமும் அதிகம், அதனால் கீழே தங்கி நடுவில் ஒரு கோடு காட்டும். கோடு மறையும்வரை வடித்துக் கொட்டவேண்டும். ஓட்டுகிறவரும் கோப்பையைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது விதி. என் கணவர் "பாத்தாச்சா?" என்பார், நான் "பாத்தாச்சு" என்பேன், ஏறிவிடுவார். சில நாட்களில் எங்களுக்குள் அந்த ஒரு பேச்சுதான்.

அவரைக் குறை சொல்லவில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான். கல்யாணமான பதினோரு வருடமும் நான் எதைச் சொன்னாலும் ஒரு "ம்". கூரை ஒழுகுகிறது என்றாலும் "ம்", முடியைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றாலும் "ம்".

முதல் தடவை நடந்தது சத்தியமாகத் தற்செயல். முந்தின நாள் நல்ல மழை, டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தது. எனக்குத் தலைவலி, பார்க்காமலே "பாத்தாச்சு" என்றுவிட்டேன். ஆயிரம் அடி உயரத்தில் என்ஜின் இருமி நின்றது. அவர் ஒரு சோளக்காட்டில் இறக்கினார். வீட்டுக்கு வந்தபோது முழங்கால்வரை சேறு, தலையில் சோளத்தோகை, வாயெல்லாம் பல். என்னை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அடுப்பு மேடைமேல் ஏறி உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினார்.

"ஒரு சத்தமும் இல்லடி, வெறும் காத்து. அப்போ உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது நாள், ஐயா. காலையில் டீ போட்டுத் தந்தார். கூடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார், அவருக்கு ஆடவும் வராது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். இருபதாம் நாள் துண்டு வேண்டுமா என்று கேட்டேன். "ம்" என்றார். குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாம் தடவை நான் எதையும் ஊற்றவில்லை. மழைக்குப் பின் கோப்பையில் கோடு இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி, பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். பதினைந்து நாள். மூன்றாம் தடவை கோடைக்காலம், மழைக்கு எங்கே போவது. ஆகவே ஊற்றினேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றைச் சுற்றிக்காட்ட ஏற்றிப்போயிருந்தார். ஆற்று மணலில் இறங்கினார்கள். அந்தப் பெண் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தை அவர் எனக்குப் படித்துக் காட்டினார், குரலெல்லாம் மாற்றி மாற்றி. ஒன்பது நாள்தான் நீடித்தது, ஆனால் அருமையான ஒன்பது நாள்.

ஆபத்தில்லையா என்பீர்கள். என்ஜின் நின்றாலும் விமானம் பொத்தென்று விழாது, மெல்ல இறங்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கிளப்பில் மெக்கானிக் அண்ணனை வேலையைவிட்டு அனுப்பினார்கள், அது வருத்தம்தான். அவர் வீட்டுக்குப் போய் அண்ணிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றபின் பறக்கக் கற்றுக்கொள்ள வந்தவர். தடிமனான கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனா, எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பார். அன்று முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாள். அவர் மனைவி வேலி ஓரமாகக் கேமராவோடு நின்றிருந்தார். புறப்படும் நேரத்தில் அவருடைய விமானத்தில் டயர் காற்றுப் போய்விட்டது.

"பரவால்ல சார், இன்னொண்ணுல போங்க" என்றார் என் கணவர். இன்னொன்று, மத்தியானம் என் கணவர் ஓட்டப்போகிறார் என்று அவருக்காக நான் தயார் செய்து வைத்திருந்தது.

போஸ்ட்மாஸ்டர் விதிப்படி தானே கோப்பையில் வடித்தார். இந்தமுறை நான் கொஞ்சம் தாராளமாக ஊற்றியிருந்தேன், ஒன்பது நாள் போதவில்லை. கோப்பை முழுக்கத் தண்ணீர். முழுக்கத் தண்ணீர் என்றால் கோடு எங்கே தெரியும். நிறம் பார்க்க உயர்த்திப் பிடித்தார். அன்று மேகமே இல்லை, வானத்தின் நீலம் கோப்பையில் இறங்கியிருந்தது.

"பளிச்சுன்னு இருக்கும்மா. நீயும் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

வேண்டாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கணவர் நான்கடி தள்ளி நின்றார். சொன்னால் வந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு அந்தப் பத்தொன்பது நாளையும், பதினைந்தையும், ஒன்பதையும் நினைத்துப் பார்ப்பார். அவருடைய சந்தோஷத்தை அப்படிக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பாத்தாச்சு சார்" என்றேன்.

நான்கு நிமிடம் பறந்தார். என்ஜின் இல்லாமல் இறங்கும் பாடத்தை இரண்டு முறை செய்திருந்தார், இரண்டு முறையும் என் கணவர் பக்கத்தில் இருந்தார். மரங்களுக்கு நடுவே கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை. நான் உண்மையாகவே அழுதேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அன்று என் கணவர் வீட்டுக்கு வந்து என் மடியில் தலைவைத்துப் படுத்தார். மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை அழுதார், பேசினார். போஸ்ட்மாஸ்டரைப் பற்றி, செத்துப்போன தன் அப்பாவைப் பற்றி, தனக்கு ஏன் பேச்சு வருவதில்லை என்பதைப் பற்றி. "நீ இல்லன்னா நான் என்னடி செய்வேன்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஆடவேண்டும்போல இருந்தது.

மறுநாள் அவரே இந்த ஸ்டேஷனுக்கு வந்து, மாணவரின் கோப்பையைத் தான்தான் பார்த்திருக்கவேண்டும், தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது சரியில்லை. ஊற்றியது நான், தெரிந்தே ஊற்றினேன், தெரிந்தே அந்த மனிதரை ஏறவிட்டேன். இதை அப்படியே எழுதிக்கொண்டு அவரை விட்டுவிடுங்கள். சீக்கிரம் முடித்தால் நல்லது, அவர் வருவதற்குள் நான் வீட்டுக்குப் போய்ச் சமைக்கவேண்டும்.