ஜீப்புக்குப் பாட்டு செட்டு

ஆனந்தி: ...அது கருப்பு இல்ல மாமா, அழுக்கு. தொடச்சுப் பாரு, பச்சை.

சதீஸ்குமார்: போன நேரா புடி ஆனந்தி. வீடியோல அந்தாளு எந்த வயர எங்க மாட்றான்னு தெர்ல.

ஆனந்தி: தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது. அவன் ஹிந்தில பேசறான்.

சதீஸ்குமார்: வயருக்கு ஏது பாஷை. கலரு போதும்.

ஆனந்தி: தலைய டேஷ்போர்டுக்குள்ள வுட்டுக்கினு, காலு ரெண்டும் வெளிய... பாம்பு பாதி முழுங்கின தவளை மாதிரி கீற.

சதீஸ்குமார்: சிரிக்காத. போனு ஆடுது.

ஆனந்தி: சரி சரி... மொதல்ல கருப்பு. அந்தாளு எதையோ சுரண்டறான்.

சதீஸ்குமார்: அது எர்த்து. பெயிண்ட சுரண்டிட்டு வண்டி பாடியோட சேத்து இறுக்கணும். இல்லன்னா பாட்டுக்கு பதிலா 'ஙொய்ய்'னு கத்தும்.

ஆனந்தி: சுரண்டறதுக்கு இந்த ஜீப்புல பெயிண்டு எங்க கீது?

சதீஸ்குமார்: என் வண்டிய கிண்டல் பண்ணாத. மஞ்ச வயர எடு. அது நேரா பேட்டரிக்கு. நடுவுல ப்யூஸு. செவப்பு வயரு சாவி வழியா வரணும்.

ஆனந்தி: ரெண்டுமே கரண்டுதான? எதுக்கு தனித்தனியா?

சதீஸ்குமார்: சாவிய எடுத்தா செட்டு நிக்கணும்ல. செவப்ப மஞ்சளோட சேத்துட்டா நிக்கவே நிக்காது. ராத்திரி பூரா பேட்டரிய குடிக்கும். இது ஏற்கெனவே சாவப்போற பேட்டரி. காலைல 'கிர்ரு'ன்னு கூட சொல்லாது.

ஆனந்தி: ஓஹோ...

சதீஸ்குமார்: இன்னா ஓஹோ?

ஆனந்தி: ஒண்ணியும் இல்ல. செவப்ப நான் முறுக்கறேன். நீ பின்னாடி போய் ஸ்பீக்கர மாட்டு.

சதீஸ்குமார்: உனக்குத் தெரியுமா?

ஆனந்தி: ஜடை பின்றவளுக்கு வயரு முறுக்கத் தெரியாதா. நீ போ.

சதீஸ்குமார்: ...ஷாக்கு கீக்கு அடிச்சிச்சின்னா சொல்லு.

ஆனந்தி: அடிச்சா நானா சொல்லணும்? கத்தற சத்தம் ஆலங்காயம் வரைக்கும் கேக்கும். ஏன் மாமா, இவ்ளோ நாளு பாட்டே இல்லாம ஓட்டின வண்டி. என்னைய பொண்ணு பாக்க வர்றவனுக்கு மட்டும் பாட்டு வோணுமா?

சதீஸ்குமார்: உங்கப்பாதான் மாட்டச் சொன்னாரு. படவேட்டுல செட்டில் ஆனவங்களாம், பாட்டு இல்லாம வந்தா மதிப்பு இல்லியாம்.

ஆனந்தி: அவரு சொன்னா நீ மாட்டிடுவ. உனக்குன்னு வாய் கெடையாது.

சதீஸ்குமார்: வாயில ஸ்க்ரூ வெச்சினு கீறேன். அப்புறம் பேசறேன்.

ஆனந்தி: உனக்கு எப்பவும் வாயில எதனா ஒண்ணு இருக்கும்... இரு, அப்பா வர்றாரு.

ராஜாக்கண்ணு: இன்னாடா மாப்ள, முடிஞ்சுதா? மத்த ஜீப்பெல்லாம் ஆலங்காயத்துக்கு லோடு ஏத்திட்டு போவுது. மாப்ள வூட்டுக்காரங்கள கூட்டியார உன் வண்டி ஒண்ணுதான் கீது.

சதீஸ்குமார்: வெள்ளன கிளம்பிடறேன் மாமா.

ராஜாக்கண்ணு: நாளைய வுட்டா ஆடி பொறந்துடும். ஆடியில எவன் பொண்ணு பாக்க வருவான். ஆமா, வண்டிய ஏன்டா பள்ளத்துல எறக்கி வெச்சிருக்க? எப்பவும் பாறை மேட்லதான நிறுத்துவ.

சதீஸ்குமார்: அங்க வெயிலு மாமா. வேலை செய்ய முடியல.

ராஜாக்கண்ணு: முடிஞ்சதும் ஏத்தி வெச்சிடு. மேட்ல நின்னா பேட்டரி படுத்தாலும் உருட்டி வுட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாம். பள்ளத்துல நின்னா ஊரே தள்ளினாலும் ஏறாது.

சதீஸ்குமார்: சரிங்க மாமா.

ராஜாக்கண்ணு: ஆனந்தி, நேரத்தோட வூட்டுக்கு வா. பூ வாங்கி வெச்சிருக்கேன்.

ஆனந்தி: வர்றேன்பா... போய்ட்டாரு. சாவிய போடு மாமா, நான் செட்டு பட்டன அமுக்கறேன், பாடுதான்னு பாக்கலாம்.

சதீஸ்குமார்: சாமிய கும்புட்டுக்கோ... போடறேன்.

ஆனந்தி: அய்ய, இன்னா மாமா இது. ஒரே ஸ்பீக்கருதான் பாடுது. இன்னொண்ணு மூச்சு வுடுது.

சதீஸ்குமார்: இரு, இரு... ஒரு வயரு கழண்டு கீது... இப்ப?

ஆனந்தி: பாடுது. மாமா, பாடுது. நம்ம திருவிழாவுல நீ போன்ல புடிச்ச பம்பை. சீட்டெல்லாம் அதிருது, என் பல்லும் அதிருது.

சதீஸ்குமார்: குதிக்காத. ஜீப்பு அந்த அளவுக்கு தாங்காது.

ஆனந்தி: நாமளே மாட்டினோம் மாமா. ஹிந்தி தெரியாமலே மாட்டினோம்.

சதீஸ்குமார்: போதும், ஊரு கூடிடும். சாவிய எடுக்கறேன்.

ஆனந்தி: இரு, சவுண்ட நான் கொறச்சிடறேன்... ஆங், இப்ப எடு.

சதீஸ்குமார்: எடுத்துட்டேன். எதுக்கு துண்ட போட்டு மூடற?

ஆனந்தி: புது செட்டு. திருஷ்டி படும்.

சதீஸ்குமார்: ஓஹோ...

ஆனந்தி: இன்னா ஓஹோ?

சதீஸ்குமார்: ஒண்ணியும் இல்ல. வா, வூடு வரைக்கும் வர்றேன்.

ஆனந்தி: மாமா... வண்டிய மேட்ல ஏத்தலயா? அப்பா சொன்னாரே.

சதீஸ்குமார்: ஏத்தவா?

ஆனந்தி: ...வாணாம்.

சதீஸ்குமார்: ஏன்?

ஆனந்தி: திட்டக்கூடாது. செட்டு நிக்கல, சவுண்டுதான் நின்னுச்சி. செவப்ப மஞ்சளோட சேத்து முறுக்கிட்டேன். தெரிஞ்சுதான் முறுக்கினேன். காலைல உன் வண்டி கிளம்பாது... இன்னா மாமா, சிரிக்கற? எனக்கு அழுவ வருது.

சதீஸ்குமார்: மத்தியானமே நான் இந்தப் பள்ளத்துல எறக்கினது வெயிலுக்குன்னு நெனச்சியா? ராத்திரி பூரா ஹெட்லைட்ட போட்டு வுடலாம்னு இருந்தேன், ஊருக்கே தெரிஞ்சிடுமேன்னு பயந்துனு இருந்தேன். ஆவணி பொறந்த மொத நாளு எங்கம்மாவோட உங்க வூட்டுக்கு பொண்ணு கேட்டு வர்றேன்... இப்ப அந்தத் துண்ட நல்லா இழுத்து வுடு, செட்டு லைட்டு வெளிய தெரியுது.