எலிகளுக்கு வந்த கோடை

சார், சூரியனையே சட்டைப்பையில் போட்டு எடுத்துப் போனவன் நான். சிரிக்கிறீர்கள். என் மகளும் சிரிக்கிறாள், பாருங்கள். "அப்பா வாயைத் திறந்தா வண்டி வண்டியா அளப்பாரு சார், நீங்க என் விஷயத்தைப் பேசுங்க" என்கிறாள். அவள் விஷயத்தைத்தான் பேசுகிறேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்து இருட்டறையில் அவள் வளர்ப்பவை ஹாம்ஸ்டர்களாம். எனக்கு எலிதான். பகல் குறைந்த காலத்தில் பிறக்கும் குட்டி சீக்கிரம் பருவத்துக்கு வராது. குளிர் போகட்டும் என்று ஆண் குட்டியின் விதைப்பை கடுகளவிலேயே காத்திருக்கும். நீண்ட இருட்டின் நடுவே அவ்வப்போது துளி வெளிச்சம் பட்டால் போதும், கோடை வந்துவிட்டது என்று ஏமாந்து மளமளவென வளர்ந்துவிடும். சாப்பிடும்போது அவளே சொன்னது. பெற்ற பிள்ளை ஆசையாகச் சொல்லும்போது காதில் வாங்காமல் இருக்க முடியுமா?

வேலை வசதிக்காக அந்த அறைக்கு விளக்கை வைத்துப் பொழுதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறீர்கள். நமக்கு மத்தியானம், எலிகளுக்கு நடுச்சாமம். அப்போதுதான் நான் சாப்பாட்டுக் கேரியரோடு வருவேன். அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போவாள். என் சட்டைப்பையில் டார்ச் இருக்கும்.

ஏன் என்பீர்கள். இந்த ஆய்வு முடிந்தால் அவளுக்குக் கடல் கடந்து வேலை. அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அங்கே தனியாக என்ன பாடுபடுவாளோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.

வரக்கூடாத நேரத்தில் குட்டிகள் பருவத்துக்கு வந்தன. விளக்கின் டைமரை ஆயிரம் தடவை சரிபார்த்தாள். எல்லாக் குட்டிகளையும் கொன்றுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே கதை. "எனக்கு மூளை குழம்பிடுச்சாப்பா?" என்று என் மடியில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். மறுநாள் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன்.

இப்போது கவனக்குறைவு என்று அவளை வெளியே அனுப்பப் போகிறீர்களாமே. அது நியாயமில்லை. அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரிலேயே.

தலையை ஆட்டுகிறீர்கள். "பெரியவரே, மகளைக் காப்பாத்தக் கதை கட்டாதீங்க" என்கிறீர்கள். அவளும், "போதும்பா, மானம் போகுது" என்கிறாள்.

சரி, நம்ப வேண்டாம். ஒன்றே ஒன்று அவளைக் கேளுங்கள். மேல்தட்டுக் கூண்டுகளில் இருந்தவை மட்டும்தானே வளர்ந்தன? எனக்கு முட்டி மடங்காது சார். கீழ்த்தட்டுக்குக் குனிய முடியவில்லை.

ஏம்மா, சிரிப்பை ஏன் நிறுத்திவிட்டாய்? சாரிடம் சொல். உண்மை தெரிந்தால் உனக்கும் நிம்மதி.

"மேல்தட்டு மட்டும்தான் சார்" என்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. "காரணம் புரியாம அதை நான் யார்கிட்டயும் சொல்லல. இவரு சொன்னது நடந்திருக்கு. இவருதான் செஞ்சிருக்காரு."