காற்றுத் துளையில் அடைத்த துணி

கீச். கீச். கீச். கீச். ஓர் இடைவெளி. மறுபடி நான்கு.

விழுகிறேன். விழும்போதே மகளையும் இழுத்துக்கொண்டு விழுகிறேன்.

"படு! படு பிள்ளை! தலையைத் தூக்காதை!"

சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் படுக்கிற அளவு இடம். ஷெரினை அதற்குள் தள்ளுகிறேன். அவளுக்கு மேலே நான். முழங்கை தரையில் அடிபட்டது. வலி தெரியவில்லை. சத்தம் நிற்கவில்லை.

இது வன்னி இல்லை. லண்டன். ஹரோ. எங்கள் வீட்டு முன்னறை. தை மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு ஐம்பது. ஷெரினுக்குப் பதினொரு வயது. தமிழ்ப் பள்ளி முடிந்து வந்து, விறகடுப்புக்கு முன்னால் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள். என் கணவர் அன்ரன் வேலைக்குப் போயிருந்தார். இதெல்லாம் இப்போது எழுதும்போது ஒழுங்காக வருகிறது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சத்தம் வந்தால் படுக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும். ஊர்ந்துபோய் அடுப்பைச் சாத்தினேன். அதன் கீழே காற்றை உள்ளே விடுகிற சின்னப் பிடி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே பாதிக்கு மேல் மூடி வைத்திருந்தேன். மிச்சத்தையும் மூடினேன். நெருப்பு இருந்தால் புகை இருக்கும். புகை இருந்தால் மேலே நிற்பவனுக்கு இடம் தெரியும். திரும்ப ஊர்ந்து வந்து மகளின் மேல் கிடந்தேன்.

"அம்மா, தலையிடிக்குது."

"பொறு. ஓயட்டும்."

ஓயவில்லை. ஷெரின் முதலில் திமிறினாள். பிறகு திமிறவில்லை. அதை நான் நல்லது என்று நினைத்தேன். பிள்ளை சொல்வழி கேட்கிறாள் என்று நினைத்தேன். என் தலையும் காலையிலிருந்து இடித்துக்கொண்டுதான் இருந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்த அலுப்பு என்று இரண்டு பனடோல் போட்டிருந்தேன்.

யன்னலில் அடி விழுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். எங்கள் வீட்டோடு ஒட்டிய வீட்டுக்காரி. வசந்தி. திருநெல்வேலிப் பக்கம். இங்கே ஆஸ்பத்திரியில் டொக்டர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதனால் அவளுக்கு எல்லாம் கேட்கும்.

"வெளிய வாங்க! றெஜினாக்கா, புள்ளையத் தூக்கிட்டு உடனே வெளிய வாங்க!"

அவள் நிமிர்ந்து நிற்கிறாள். வெளியில், வெட்டையில், நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

"டொக்டர், படுங்கோ! நிக்காதையுங்கோ! விழுந்து படுங்கோ!"

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அவள் எங்களைக் காப்பாற்ற வந்தவள். நான் அவளைக் காப்பாற்றக் கத்தினேன். பூச்செடிக்குள் விழுந்து படு என்று ஒரு டொக்டருக்குக் கட்டளை போட்டேன். அவள் படுக்கவில்லை. குசினிக் கதவு பூட்டாமல் கிடந்தது. அதால் வந்தாள். முன் கதவையும் திறந்து போட்டாள். ஷெரினை என் கைக்குள்ளிருந்து பிடுங்கினாள். நான் விடவில்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இது குண்டு இல்லக்கா. இது விஷக் காத்து. உள்ள இருந்தா செத்துருவீங்க."

வாசலில் குளிர் முகத்தில் அடித்தது. ஷெரின் புல்லில் வாந்தி எடுத்தாள். அவளுடைய உதடு மெழுகு நிறம். அம்புலன்ஸ் மூன்று மணி பதினொரு நிமிடத்துக்கு வந்தது. பிள்ளைக்கு ஒட்சிசன் முகமூடி. எனக்கும் ஒன்று. சுவரில் கத்திக்கொண்டிருந்தது கார்பன் மொனொக்சைட் அலாம். அன்ரன் வாங்கி மாட்டியது. நெருப்புக்குக் காற்றுப் போதாவிட்டால் வருகிற வாயு. நிறமில்லை. மணமில்லை. செல், அதாவது பீரங்கிக் குண்டு, வந்தால் நிலத்தோடு படுக்க வேண்டும். இதற்கு எழும்பி வெளியே ஓட வேண்டும். எனக்குள் இருந்தது ஒரே ஒரு பாடம். அது பிழையான சத்தத்துக்கு வேலை செய்தது.

தீயணைப்புக்காரர் வீட்டைப் பார்த்தார்கள். ஒருவர் சுவரின் அடியில் இருந்த காற்றுத் துளைக்கு முன்னால் குந்தினார். உள்ளே விரலை விட்டார். துணியை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. என்னுடைய பழைய சேலையில் பாதி.

அதை அடைத்தது நான்தான். கார்த்திகை மாதம். காற்றடிக்கும் நாட்களில் அந்தத் துளை கூவும். மெல்லத் தொடங்கி, உயர்ந்து, அறுந்து நிற்கும். தலைக்கு மேலால் செல் போகும்போது வருகிற அதே கூவல். அறுந்து நின்ற பிறகு நான் எண்ணத் தொடங்குவேன். ஒன்று. இரண்டு. மூன்று. வெடிக்காது. ஆனாலும் எண்ணுவேன். அன்ரன் யாழ்ப்பாணம். சண்டை முற்றுவதற்கு முன்னமே லண்டனுக்கு வந்துவிட்டவர். அவருக்கு அது குளிர்காற்று. எனக்கு அப்படி இல்லை. அவரிடம் சொல்லாமல் அடைத்தேன்.

புகைக்கும் அதே கதைதான். அந்த விறகடுப்பு வீட்டோடு வந்தது. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பழுதான வாரத்தில்தான் அதைக் கொளுத்தத் தொடங்கினோம். அன்ரனுக்கு அது கொண்டாட்டம். எங்கேயோ வெட்டி விழுத்திய மரத்தை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பச்சை மரம். நான் கொளுத்திவிட்டு, பின்வளவுக்குப் போய்க் கூரையைப் பார்ப்பேன். புகைபோக்கியிலிருந்து கறுப்பாக எழும்பும். ஓடிவந்து காற்றுப் பிடியை மூடுவேன். நெருப்பு சுருங்கும். புகை குறைந்ததுபோல் இருக்கும். அடுப்பின் கண்ணாடிக் கதவு கறுத்துப் போகும். வேலை முடிந்தது என்று நினைப்பேன்.

ஏன் என்று இப்போது சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து ஒன்பது. மாசி. வன்னியின் கடற்கரைப் பக்கம், ஒரு தென்னந்தோட்டம். நாங்கள் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து பதினோராவது இடம். பங்கரில், மண்ணில் வெட்டிய பதுங்குகுழியில், நாலு பேர். அக்கா பிலோமினா. அவளுடைய மகள் டிலானி. தம்பி யூட். நான். டிலானிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கையில் ஒரு சுண்டு அரிசி இருந்தது. முதல்நாள் மழை. எரிக்க இருந்த தேங்காய்ப் பொச்சுமட்டை எல்லாம் ஈரம். காலை ஏழு மணிக்குக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டினேன். தீ வரவில்லை. புகைதான் வந்தது. வெள்ளையாக, தென்னை உயரத்துக்கு.

மேலே வண்டு. வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர். நாள் முழுக்க ஒரே ரீங்காரம். பக்கத்துப் பங்கரிலிருந்து ஒருவர் கத்தினார்.

"நெருப்பை நூருங்கோ! வண்டு நிக்குது! நூருங்கோ!"

நெருப்பை அணைக்கத் தண்ணீர் எடுக்க வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிணறு அறுபது எட்டு வைக்கும் தூரம். பாதி வழியில், தூரத்தில் செல் ஏவிய 'டும்' கேட்டது. விழுந்து படுத்தேன். எண்ணினேன். ஒன்பதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது பங்கர் இல்லை. கஞ்சிப் பானை தென்னையடியில் கிடந்தது. வெறும் பானை. பக்கத்துப் பங்கர்க்காரர் மண்ணைக் கிளற உதவினார். நல்ல மனிதர். கிளறிக்கொண்டே சொன்னார். "உன்ர புகையைப் பாத்துத்தான் அடிச்சிருக்கிறான் பிள்ளை." திட்டவில்லை. சும்மா சொன்னார். அவரும் அடுத்த கிழமை இல்லை. ஆனால் அந்தச் சொல் இருந்தது. பதினாறு வருடம் என்னோடு இருந்தது. விமானத்தில் வந்தது. ஹரோவில் குடியேறியது. நான்தான் கொன்றேன் என்று நம்பினேன். ஒருவரிடமும் விளங்கும்படி சொல்லவில்லை. அன்ரனிடம் மட்டும் ஒருமுறை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஞாயிறு காலை விட்டார்கள். ஷெரினுக்கு நிறம் திரும்பியிருந்தது. வீட்டு வாசலில் அன்ரன் சொன்னார்.

"உந்த அடுப்பைக் கழட்டிப்போட்டுச் சுவரைக் கட்டுவம். உனக்கு நெருப்புச் சரிவராது, றெஜி."

அன்பில்தான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் மண்ணைக் கிளறியபடி சொன்னதும் அன்பில்தான். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை கொதித்தது.

"ஏலாது," என்றேன். "அடுப்பு நிக்கும். நான்தான் கொளுத்துவன்."

அடுத்த ஞாயிறு பூசை முடியக் கோயில் மண்டபத்தில் எல்லோரும் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. ஒருவர் ஹீற்றர் வாங்கச் சொன்னார். ஒருவர் மாதாவுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார். அன்ரனின் தங்கை தேநீர்க் கோப்பையோடு வந்தாள்.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாதாம், மச்சாள். நீங்கள் என்னெண்டால் திரும்பவும் கொளுத்தப் போறன் எண்டு நிக்கிறியள்."

"நான் பூனை இல்லை," என்றேன்.

புகைபோக்கி துடைக்க ஓர் ஆங்கிலப் பெண் வந்தாள். அதுவரை அடுப்புக் குளிர்ந்து கிடந்தது. ஒரு வாளி நிறையக் கரியும் தாரும் இறங்கியது. பல வருடம் யாரும் துடைக்கவில்லை என்றாள். வருடம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். ஈரத்தை அளக்கிற, இரண்டு ஊசி உள்ள ஒரு சின்னக் கருவியை அன்ரனின் விறகைப் பிளந்து உள்ளே குத்தினாள். இருபதுக்குக் கீழே நிற்க வேண்டிய எண். முப்பத்தெட்டு. அன்ரன் வேறு பக்கம் பார்த்தார். பிறகு அவள் என்னைக் கேட்டாள், ஏன் காற்றை மூடினாய் என்று. புகையை மறைக்க என்றேன். அவள் சிரிக்கவில்லை. காற்றை மூடினால்தான் புகை, மூடினால்தான் நஞ்சு, எரிய விட்டால் இரண்டும் போகும் என்றாள். நான் செய்தது முழுக்கத் தலைகீழ்.

அன்றைக்கே கொளுத்தினேன். பகல் பதினொரு மணி. சுவர்த் துளை திறந்து கிடக்கிறது. அலாம் சோதித்தாயிற்று. கடையில் வாங்கிய காய்ந்த விறகு. பெரிய துண்டுகள் அடியில். சிராய்கள் மேலே. நெருப்பு உச்சியில். எங்கள் ஆட்கள் பார்த்தால் இவளுக்கு விசர் என்பார்கள். காற்றுப் பிடியைப் பிடித்தேன். முழுக்கத் திறந்தேன். நெருப்பு ஒரு மூச்சு எடுத்தது. மேலிருந்து கீழே இறங்கி எரிந்தது. கண்ணாடி தெளிவாக நின்றது. நன்றாகப் பிடித்த பிறகு பிடியைக் கொஞ்சம் குறைத்தேன். மூடவில்லை. இனி ஒருபோதும் மூட மாட்டேன்.

பின்வளவுக்குப் போனேன். கூரையைப் பார்த்தேன். புகைபோக்கிக்கு மேலே வெறும் வானம். வெக்கையில் காற்று மட்டும் ஆடியது. புகை இல்லை.

உடனே அந்த நினைவு வந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ந்த விறகு கிடைத்திருந்தால்? வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வருடத்தில் முதல் முறையாகச் சரியான ஆள்மேல் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். நான் கஞ்சி காய்ச்சினேன். ஈர மட்டைதான் இருந்தது. அது குற்றமா? செல் என் அடுப்பிலிருந்து எழும்பவில்லை. ஒரு குழாயிலிருந்து வந்தது. அதற்குள் ஒருவன் அதைப் போட்டான். பசித்த பிள்ளையின் கஞ்சிப் புகையைப் பார்த்து அடிக்கலாம் என்று ஒருவன் முடிவெடுத்தான். துளையை அடைத்தது என் பிழை. பச்சை விறகை மூடி எரித்தது என் பிழை. ஷெரினிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு நான் பொறுப்பு. மற்றதற்கு இல்லை. இனி யாரும் அதை என் தலையில் வைக்கக் கூடாது. நானும் வைக்க மாட்டேன்.

அடுப்பு இப்போதும் எரிகிறது. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வெளியே வைக்கிறேன். காற்றடிக்கும் நாட்களில் துளை கூவுகிறது. கூவட்டும். நான் எண்ணுவதை இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் நிமிர்ந்து நின்று எண்ணுகிறேன்.

மறக்க வேண்டாம் என்று கணக்கை இங்கே எழுதுகிறேன்.

ஹரோவில் இழந்தவை. சேலை ஒன்று. சனிக்கிழமை ஒன்று. உயிர் எதுவும் இல்லை.

வன்னியில் இழந்தவை. வாளி ஒன்று. கஞ்சிப் பானை ஒன்று. அக்காவின் செபமாலை. ஒரு சுண்டு அரிசி. பிலோமினா, வயது முப்பத்தொன்று. யூட், வயது பத்தொன்பது. டிலானி, வயது ஆறு, இரண்டு நாள் சாப்பிடாதவள்.

மூன்று பேர். இவ்வளவு காலமும் நாலாவதாக ஒரு பெயரையும் அந்த வரிசையில் வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். றெஜினா, வயது நாற்பத்து நாலு. உயிரோடு இருக்கிறாள்.