பின்னிருக்கையில் இன்னொருத்தி

ராத்திரி மணி இரண்டு இருக்கும். ஹஜ்ஜா நகரத்துக்கு இறங்கும் மலைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. ஜுப்ரான் தன் மனைவியைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து வண்டியை விரட்டிக்கொண்டிருந்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிரும் மிஞ்சாது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

இந்த ஜுப்ரான் வேறு யாருமில்லை. இதே சாலையில், சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவன். புருஷன், அப்பன், கூடப்பிறந்தவன், இப்படி யாராவது ஓர் ஆண்துணை இல்லாமல் எந்தப் பெண்ணையும் தாண்டவிடக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஆண்களையெல்லாம் சண்டைக்கு ஓட்டிக்கொண்டு போனதும் அதே மேலிடம்தான். நினைத்தாலே வயிறு எரிகிறது.

போன குளிர்காலத்தில் ஒருத்தி வந்தாள். வெங்காய மூட்டை ஏற்றிய வண்டியில், மாமியார் மடியில் தலைவைத்து... நிறைமாதம்.

"ஆம்பள யாரு வந்திருக்கா?" என்றான் ஜுப்ரான்.

"எம்மவன் சண்டையில இருக்கான். உன் ஆளுங்கதான தம்பி வந்து கூட்டிட்டுப் போனாங்க," என்றாள் மாமியார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆம்பளயோட வா."

வண்டிக்காரன் 'என் தங்கச்சி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரோ ஒருத்தியைத் தன் வீட்டுப் பெண் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பெரிய மானஸ்தன்! வண்டி ஓரத்திலேயே நின்றது. விடியும்போது முனகல் நின்றது. ஜுப்ரான் டீ குடிக்கப் போனான்.

இன்று அதே சாவடி. காவலில் அவனுடைய கூட்டாளி முக்பில். கன்னம் புடைக்க, போதைக்கு மெல்லும் காத் இலையை ஒதுக்கிக்கொண்டு வந்து, உள்ளே டார்ச் அடித்தான்.

"உன் சம்சாரம் சரி. பக்கத்துல யாரு?"

"யாருமில்லப்பா. தடையத் தூக்கு."

"வெளையாடாத. உன் சம்சாரத்தோட தலை அவங்க மடியிலதான இருக்கு?"

அப்போதுதான் வாசனை வந்தது... வெங்காயம். கூடவே ரத்தம். ஜுப்ரான் தன் வண்டியில் வெங்காயம் ஏற்றியதே இல்லை. காதைத் தீட்டினான். ம்ம்... ம்ம்... பின்னால் ஒரு முனகல் இல்லை, இரண்டு.

"அவங்களுக்கு ஆம்பள யாரு? சொல்லு, இல்ல எறக்கிவிடு," என்றான் முக்பில். "நீதானய்யா எனக்குச் சட்டம் சொல்லிக்குடுத்த."

ஜுப்ரான் திரும்பாமலே சொன்னான்: "என்... தங்கச்சி."

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான். பேரச் சொல்லு."

பெயர். அன்றைக்கு விடிய விடிய அவள் அவன் கண்ணெதிரில் கிடந்தாள். அவன் கேட்கவே இல்லை.

பின்னாலிருந்து ஈரமான கை ஒன்று அவன் தோளில் விழுந்தது. "சொல்லுண்ணே..." என்றது ஒரு குரல். "வலிக்குது."

முக்பில் காத்துக்கொண்டு நின்றான். தடை இறங்கியேதான் கிடந்தது.

பின்னால் கேட்ட இரண்டு முனகல்களில் ஒன்று நின்றது... எது என்று திரும்பிப் பார்க்க ஜுப்ரானுக்குத் துணிச்சல் வரவில்லை.