மலைவீட்டுச் சூடு

கிட்ட வந்து இருங்கள். இன்றைக்குக் கடல் காற்று பலெர்மோவின் இந்தக் கால்சாத் தெருக்கள் முழுக்க ஊளையிடுகிறது. இதைச் சத்தம் போட்டுச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை.

என் கூட்டாளி யூட்டின் அத்தானுக்கு நடந்தது இது. டெனிஸ்டன். பல்லரோச் சந்தையில் நீங்கள் கண்டிருப்பீர்கள்... நெடுத்த ஆள், மீன்காரனோடுகூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இதை யூட்டிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். யூட் எனக்குச் சொன்னான்.

போன வருடம் தை மாதம். பின்னேரம் ஐந்து மணி. மதோனியே மலைரோடு. பலெர்மோவில் நாங்கள் ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற நாளிலும் அங்கே பனி கொட்டும். டெனிஸ்டன் தன் வான் வண்டியில் தனியாக மலை ஏறிக்கொண்டிருந்தார். முன்னாலும் வாகனம் இல்லை... பின்னாலும் இல்லை. வைப்பர் பனியைத் தள்ளுகிற சத்தம் மட்டும்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு கல்வீடு. வின்சென்சோ என்ற இத்தாலியருடையது. அவருடைய தாய் தகப்பன் இருந்த வீடு. கனகாலம் பூட்டிக் கிடந்ததைத் திருத்தி, பனி பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட நினைத்தார். வீடு சூடாக்க ஹீட் பம்ப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்த இயந்திரத்தில் நெருப்பே கிடையாது. வெளிச்சுவரில் இருக்கிற பெட்டி, குளிர்காற்றுக்குள் ஒளிந்திருக்கிற கொஞ்சச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே அனுப்பும். அவ்வளவுதான்.

டெனிஸ்டனும் அவரோடு வேலை செய்கிற கிறிகோரியும் முதல்நாள்தான் அதைப் பொருத்தினார்கள். ஆனால் இயங்கவில்லை. உள்ளே இருக்கிற எலக்ட்ரிக் பலகை பழுது. புதியது எடுக்க டெனிஸ்டன் பலெர்மோவுக்கு இறங்கினார். கிறிகோரி அங்கேயே நின்றுகொண்டான்.

"குழாய்க்குள்ளை தண்ணி உறைஞ்சு வெடிச்சாப் பிறகு பெரிய வில்லங்கம் அண்ணை. நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் தண்ணியைச் சொட்ட விட்டுக்கொண்டு ரெண்டு போர்வையோடை சமாளிப்பன்."

அதுதான் அவன் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு... கன நாளைக்கு.

டெனிஸ்டன் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. வெளிப்பெட்டியைப் பார்த்தார். விசிறி அசையவில்லை. பெட்டி பாதிக்குமேல் பனிக்குள் புதைந்து கிடந்தது. அப்படியென்றால் வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்க வேண்டும். ஆனால் ஜன்னல் கண்ணாடி உட்பக்கமாக வேர்த்து வழிந்தது.

கதவைத் திறந்தார். சூடு முகத்தில் வந்து மோதியது.

கரி மணம். அதோடு இன்னொரு மணம்... இனிப்பாக. தோடம்பழத் தோல் கருகுகிற மணம்.

கூடத்தில் கிறிகோரி கதிரையில் இருந்தான். கால் இரண்டையும் அகட்டி, கைகளை முன்னால் நீட்டி, தணலில் குளிர் காய்கிறவன் மாதிரி. அவனுக்கு முன்னால் வெறும் தரை. உதடு மட்டும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

"என்னத்தையடா எரிச்சனீ?"

"நானில்லை அண்ணை... அந்த அம்மா மூட்டித் தந்தவ."

"எந்த அம்மா?"

"உங்களுக்குப் பின்னாலை நிக்கிறா."

டெனிஸ்டன் திரும்பினார். யாரும் இல்லை. ஒரு கதிரை மட்டும் இருந்தது. வந்தவர் இருக்கட்டும் என்று யாரோ இழுத்துப் போட்ட மாதிரி.

அவருக்குத் தலை கனத்தது. நித்திரை நித்திரையாக வந்தது. கொஞ்சம் இருந்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. அப்போது ஒரு குரல் கேட்டது. வயசான பெண்குரல். பழைய சிசிலியப் பேச்சு.

"கதவைச் சாத்து மகனே. பிள்ளைக்குக் குளிரும்."

அது மிரட்டுகிற குரல் இல்லை. அதுதான் பயம் என்று டெனிஸ்டன் சொன்னாராம். அவ்வளவு அன்பாக இருந்ததாம். சரி, சாத்துவோம் என்று நினைத்துக் கதவைப் பார்த்தார்... கதவு ஏற்கெனவே சாத்தியிருந்தது. உள்ளே பூட்டியும் ஆயிற்று. பூட்டிய திறப்பு அவருடைய கைக்குள் இருந்தது.

எப்போது பூட்டினார்? தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பயத்தில்தான் உடம்பு கொஞ்சம் விழித்தது. இடுப்பில் இருந்த ஸ்பானரை எடுத்து ஜன்னலை உடைத்தார். பனிக்காற்று உள்ளே புகுந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்... நீளமாக, மனம் நொந்த மாதிரி.

கிறிகோரியின் கமக்கட்டுக்குள் கைகொடுத்து ஜன்னலுக்கு இழுத்தார். அவன் மெலிந்த பொடியன். ஆனாலும் கால் பக்கம் அசையவில்லை. ஒருவர் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டிருக்கிற பாரம். இழுத்தார்... இழுத்தார்... சட்டென்று விட்டது. இரண்டு பேரும் வெளியே பனிக்குள் விழுந்தார்கள்.

"ஆஸ்பத்திரியிலை என்ன சொன்னவை?" இதை யூட் சொல்லும்போது எங்களோடு இருந்த துஷாந்தி இடையில் கேட்டாள்.

கிறிகோரியின் இரத்தம் முழுக்கக் கரிப்புகையின் நஞ்சாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நித்திரையிலேயே முடிந்திருப்பானாம். தீயணைப்புக்காரர் அந்த வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். அடுப்பு இல்லை. கரி இல்லை. ஒரு சிட்டிகை சாம்பல்கூட இல்லை. பழைய புகைபோக்கியை எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

வின்சென்சோ ஆஸ்பத்திரிக்கு வந்தார். டெனிஸ்டன் அந்தத் தோடம்பழ மணத்தைச் சொன்னதும் மனிதர் அப்படியே வாங்குப் பலகையில் குந்திவிட்டார்.

"என் அம்மா தணற்சட்டியில் தோல் போடுவாள்," என்றார். "கரி நாற்றம் தெரியாமல் இருக்க. ஒரு பனி நாளில் ஜன்னல் நீக்கல் எல்லாவற்றையும் துணியால் அடைத்துவிட்டு அப்பாவும் அவளும் படுத்தார்கள். நான் அப்போது வடக்கே வேலையில் இருந்தேன். அவர்கள் எழும்பவில்லை. அதனால்தான் நெருப்பில்லாத இயந்திரம் கேட்டேன்."

"அந்த வீட்டை ஆருக்கும் குடுக்காதேங்கோ சிஞோர்," என்று டெனிஸ்டன் தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு இத்தாலியனில் சொன்னார். வின்சென்சோ தலையாட்டினார்.

கிறிகோரி பிழைத்தான். இப்போது மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். கை நடுக்கம் போகவில்லை. வேறு ஆட்கள் போய் அந்த இயந்திரத்தை ஓடவைத்தார்கள். நன்றாக ஓடியது. வின்சென்சோ ஒரு வருடம் பொறுத்தார். பிறகு மனம் மாறிவிட்டது. இந்தத் தையில் வீட்டை வாடகைக்கு விட்டார்.

மிலானோவிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கைக்குழந்தையோடு.

அன்று பொழுதுபடுகிற நேரம் வின்சென்சோ டெனிஸ்டனுக்குப் போன் எடுத்தார். வெளிப்பெட்டி உறைந்து இயந்திரம் நின்றுவிட்டதாம், நாளைக்குப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். "அவசரமில்லை. வீடு நல்ல சூடாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்."

டெனிஸ்டன் அவரை முடிக்க விடவில்லை. "உடனே வெளியே வரச் சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இப்போதே."

மலைரோடு பனியால் மூடியிருந்தது. தீயணைப்பு வண்டி ஏறிப் போய்ச் சேர விடிந்துவிட்டது. மூவரும் ஒரே கட்டிலில் கிடந்தார்கள். முகத்தில் ஒரு நோவும் இல்லையாம். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, ஓரமெல்லாம் மெத்தைக்குக் கீழே சொருகி விட்டிருந்ததாம்... வெளியே நின்று ஒருவர் சொருகினால்தான் அப்படி வரும்.

வின்சென்சோ அன்றைக்கு அவர்களுக்குப் போன் எடுக்காமல் இல்லை. டெனிஸ்டன் சொன்ன கையோடு எடுத்தார். கன நேரம் மணியடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். அவர், எழும்புங்கள், வெளியே போங்கள் என்று கத்தத் தொடங்கினார்.

மறுபக்கத்தில் அவருடைய தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கத்தாதே வின்சென்சோ... பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தது."