ஆறு கச்சேரி, ஒரு மூச்சு

— செருப்பை வாசல்லயே விட்டுடுங்க அக்கா, நீச்சல் குளத்தைச் சுத்தி ஈரம், வழுக்கும். ஆனா வீடியோவை நிறுத்தற பேச்சு மட்டும் வேணாம். நாலு மணிக்கு அது தானா வெளிய போயிடும்.

— நிறுத்தச் சொல்லலையே தம்பி. பன்னெண்டு மாசத்தையும் தாராளமா போடுங்க. ஜூலையிலருந்து நடந்த கச்சேரி வர்ற துண்டை மட்டும் வெட்டிடுங்கன்னுதான் சொல்றேன். இந்த மருந்துத் தண்ணி வாடையில மூக்கைப் பொத்திக்கிட்டு நான் நிக்கறேன்னா சும்மாவா?

— சிட்டுவோட கூடப்பொறந்த அக்கா. கச்சேரித் தேதியிலருந்து அவங்க குடிக்கற வெந்நீர் வரைக்கும் உங்க கையில. நீங்க எங்க சும்மா வருவீங்க?

— நேத்து உங்க ரசிகர் பக்கத்துல ஒரு முன்னோட்டம் போட்டீங்களே, ‘சிட்டுவின் ஒரு வருஷம், நாம் கேட்டதும் கேட்காததும்’னு. அந்தக் கேட்காததுல என்ன வெச்சிருக்கீங்க?

— வரிசையா சொல்லவா?

— மணி மூணு நாப்பது. சுருக்கா சொல்லுங்க.

— ஜனவரியில சிட்டுவோட கப்பல் பாட்டு வந்துச்சு. பஸ்ஸு, சலூன், கல்யாண வீடு, எங்க போனாலும் அதான். இங்க நீச்சல் கத்துக்க வர்றவங்ககூட தண்ணிக்குள்ள முணுமுணுத்து தண்ணியைக் குடிச்சாங்க. மார்ச்சுல மைதானத்துக் கச்சேரி. கப்பல் பாட்டுக்குப் பதினோரு ஒன்ஸ்மோர். கடைசியா பாடறப்ப குரல் உடைஞ்சு, பாதியில உள்ள போனாங்க.

— ம்.

— ஏப்ரல், மே ஓய்வுன்னு அறிவிச்சீங்க. நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுபோன சேதி ஜூன்ல வெளிய வந்துச்சு. பேசாத வாய் இல்ல, எழுதாத பத்திரிகை இல்ல. ஜூலையில எழுந்து வந்தாங்க பாருங்க, நான் மூணாவது வரிசையில உக்காந்து குழந்தை மாதிரி அழுதேன். அதுக்கப்புறம் அஞ்சு கச்சேரி. வர்ற ஞாயித்துக்கிழமை வருஷத்தோட சிறந்த குரல்னு விருது. சரியா?

— சரிதான். கேக்கவே கண்ணு நிறையுது. இதையே போடுங்களேன். யார் வேணாம்னா?

— அந்த ஆறு கச்சேரியிலயும் அவங்க பாடவே இல்லையே அக்கா. வாயை அசைச்சாங்க. பாடினது ஒலிப்பதிவு.

— இந்தா பாருங்க தம்பி, பேசறதுக்கும் ஒரு அளவு இருக்கு. நாப்பதாயிரம் பேர் பின்னாடி வர்றாங்கன்னா எது வேணா சொல்லலாமா? பேப்பர்காரன் காதுக்குப் படல, விருதுக் குழுவுல உக்காந்திருக்கற ஜாம்பவான்கள் காதுக்குப் படல, நீச்சல் சொல்லிக் கொடுக்கற உங்க காதுக்குப் பட்டுடுச்சா?

— அதனாலதான் பட்டுச்சு. அவங்க ராகம் கேக்கறாங்க, தாளம் கேக்கறாங்க. எனக்கு அந்த ஞானமெல்லாம் சுத்தமா கிடையாது. பதினெட்டு வருஷமா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஒரு ஆள் எங்க மூச்சு எடுக்கறான்? கரையில நின்னு அதை எண்ணறதுதான் என் பொழப்பு.

— அதுக்கும் பாட்டுக்கும் என்ன?

— கப்பல் பாட்டுல மூணாவது அடியில ரெண்டாவது சொல் முடிஞ்சதும் ஒரு மூச்சு. உடனே எச்சில் முழுங்கற மாதிரி சின்னதா ஒரு சத்தம். ஜூலையில அங்கதான். ஆகஸ்ட்டுல அங்கதான். போன வாரமும் நூல் பிடிச்ச மாதிரி அதே இடம், அதே சத்தம். ஒரே ஆள் ஒரே குளத்துல ஆறு தடவ நீந்தினா, ஆறு தடவையும் ஒரே இடத்துல தலையைத் தூக்க மாட்டான் அக்கா. மார்ச்சுல முழுசா பதினோரு தடவ பாடினாங்களே, அதுல பதினோரு மூச்சும் வேற வேற இடம். டிவியில வந்த பதிவைப் போட்டு எண்ணிட்டுதான் பேசறேன்.

— அந்த பெஞ்சு காஞ்சிருக்கா? உக்காரணும்.

— இருங்க, துண்டு போடறேன். தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம். யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?

— என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. சொன்னா தெருவுக்கே தெரியும்.

— நல்லது. சரி மாஸ்டர், மூடி மூடிப் பேசி என்ன ஆகப்போகுது. ஏப்ரல்ல ஓய்வு இல்ல, ஆபரேஷன். தொண்டை நரம்புல. முடிஞ்சு கட்டுப் பிரிச்ச அன்னிக்கு ‘அக்கா’ன்னு கூப்பிட்டா. காத்துதான் வந்துச்சு. இப்ப பேச்சு கொஞ்சம் வருது, கரகரன்னு. பாட்டு வராது. வரவே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

— வரவே வராதா?

— மேடையில ஓடினது முன்னாடி ரிகர்சல்ல எடுத்து வெச்ச பதிவு. தலையெழுத்து, அது ஒண்ணுதான் உருப்படியா மிஞ்சியிருந்தது. ஆபரேஷன் ஆனதும் அந்த மாப்பிள்ளை மோதிரத்தைக் கழட்டி மேசையில வெச்சுட்டுப் போனான். இவ ரெண்டு மாசம் கட்டிலை விட்டு எறங்கல. ஜன்னலைத் திறந்தா மூடச் சொல்லி சைகை காட்டுவா. மேடையில ஏத்தினாதான் உயிரோட இருப்பான்னு நான்தான் முடிவு பண்ணேன். நான்தான்.

— அவங்க ஒத்துக்கிட்டாங்களா?

— நான் சொன்னா கேப்பா. அம்மா போனதுலருந்து நான்தானே அவளுக்கு எல்லாம்.

— அதைக் கேக்கல அக்கா.

— ஞாயித்துக்கிழமை விருதை வாங்கட்டும். அதோட விலகறேன்னு அறிவிச்சுடுவோம். பாடி முடிச்சுட்டுப் போனாள்னு ஊரு சொல்லட்டும், பிடிபட்டு ஓடினாள்னு சொல்லக் கூடாது. நாலே நாள். நாலு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உங்களால?

— எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே! நாங்க என்ன வேத்து மனுஷங்களா? குரல் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாப்பதாயிரம் பேரும் கூட உக்காந்து அழுதிருப்போம். அதை விட்டுட்டு ஒரு பெட்டியைப் பாட விட்டு, எங்களைக் கை தட்ட வெச்சீங்களே. எங்களைக் கேணையனுங்கன்னு நினைச்சீங்களா? ஜூலையில நான் அழுதேனே, அது யாருக்கு? பெட்டிக்கா?

— அழுகையைப் பத்தி நீங்க பேசாதீங்க மாஸ்டர்.

— ஏன் பேசக் கூடாது?

— மார்ச்சுல ஏழாவது தடவையே அவ என்னைத் திரும்பிப் பாத்தா. மேடை ஓரத்துல நின்ன என்னைப் பாத்து, கழுத்தைத் தொட்டுக் காட்டினா. நான் போதும்னு கையசைச்சேன். விளக்கை அணைக்கச் சொல்லி ஆளைக்கூட அனுப்பிட்டேன். அப்ப இடப்பக்கத்துலருந்து ஒருத்தர் நாக்காலி மேல ஏறி, விசில் ஊதி, ‘ஒன்ஸ்மோர், ரெக்கார்டு உடைக்கணும்’னு கத்தினார். கழுத்துல தொங்குதே, இதே விசில்தானே? எட்டு. ஒம்போது. பத்து. ஒவ்வொண்ணுக்கும் நீங்கதான் ஆரம்பிச்சீங்க. பின்னாடி மொத்த மைதானமும். பன்னெண்டாவது தடவ பாதியில உள்ள வந்தவ கைக்குட்டையில துப்பினா. செவப்பா இருந்துச்சு. அந்தக் கைக்குட்டை இன்னும் என் அலமாரியில இருக்கு, கொண்டு வந்து காட்டவா?

— எனக்கு... அவங்க சந்தோஷமா பாடறாங்கன்னு நினைச்சேன் அக்கா. சிரிச்சுக்கிட்டேதானே பாடினாங்க.

— கூட்டத்தைப் பாத்தா அவ சிரிப்பா. வலிச்சாலும் சிரிப்பா. மூச்சை எண்ணறவருக்கு அன்னிக்கு மட்டும் எண்ணத் தெரியலையா?

— தெரியல. அன்னிக்கு நான் ஒன்ஸ்மோரைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். தண்ணியில ஒருத்தன் திணறினா நான் துணியோட குதிக்கறவன் அக்கா. பதினெட்டு வருஷத்துல ஒருத்தரைக்கூட முழுக விட்டதில்ல. இவங்களை நானே...

— சரி விடுங்க. குத்திக் காட்ட நான் வரல. வாயில வந்துடுச்சு.

— இல்ல, நீங்க சொன்னதுதான் நியாயம். வெட்டறது என்ன, மொத்தமா அழிச்சிடறேன். முன்னோட்டத்தையும் எடுத்துடறேன். எவன் கேட்டாலும் ஃபைல் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கறேன்.

— சத்தியமா?

— இந்தத் தண்ணி மேல சத்தியம். மணி என்ன?

— மூணு அம்பத்தி ரெண்டு. என் கண்ணு முன்னாடியே செய்ங்க. ஒரு நிமிஷம், ஒண்ணு கேக்கணும். மூச்சு, எச்சில் சத்தம்னெல்லாம் சொன்னீங்களே. கூட்டத்துல உக்காந்து போன்ல எடுத்தா அதெல்லாம் விழாதே? விசிலும் கூச்சலும்தானே விழும்?

— நான் எடுத்தது இல்ல. மேடை சவுண்டு மிஷின்லருந்து நேரா எடுத்த பதிவு. கச்சேரி முடிஞ்ச மறுநாள் எங்க பக்கத்துக்கு ஒரு நம்பர்லருந்து வரும். ஆறும் அப்படி வந்ததுதான்.

— அடப்பாவி! சவுண்டுக்காரன்! உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றானா? இன்னிக்கே அவனை வீட்டுக்கு அனுப்பறேன். என்ன எழுதினான்?

— அஞ்சு தடவ ஒரு எழுத்து கிடையாது. போன வாரம் மட்டும் ரெண்டே வார்த்தை. ‘இன்னுமா கேக்கல?’

— திமிரைப் பாரு. நம்பரைக் காட்டுங்க, அவன் வாயாலயே ஒத்துக்க வைக்கறேன்.

— இருங்க, முதல்ல இதை முடிச்சிடறேன். ‘நிச்சயமா அழிக்கணுமா’ன்னு கேக்குது, ஆமான்னு ஒரு தட்டுதான் பாக்கி. நம்பர் பெஞ்சு மேல இருக்கற என் இன்னொரு போன்ல இருக்கு, நீங்களே எடுத்துப் பாருங்க. மேலயே நிக்கும்.

— கண்ணாடி கொண்டு வரல. பெருசு பண்ணினா... ம், வருது...

— யாரு அக்கா, சவுண்டுக்காரன்தானா? ஏன் எழுந்துட்டீங்க? தரை வழுக்கும், பாத்து!

— கையை எடுங்க மாஸ்டர், அழிச்சுடாதீங்க... பேச முடியாதப்ப எழுதி அனுப்பறதுக்குன்னு என் தங்கச்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த நம்பர் இது.